என் முதல் சிபாரிசு

"அவங்கவங்க கட்டுரையை அவங்கவங்களே சிபாரிசு பண்ணக் கூடாதுங்க, காளியண்ணன்" என்றார் அப்பாசாமி வாத்தியார்.

"ஏன் கூடாது? என் மிளகை நான்தானே நல்ல மிளகுன்னு சொல்லி விக்கிறேன்?" என்று சத்தம் போட்டேன்.

"அது சந்தைங்க. இது பத்திரிகை."

பத்திரிகை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கையெழுத்துப் பத்திரிகை. மாதம் ஒரே ஒரு பிரதி. கொல்லிமலையிலும் அடிவாரத்திலுமாக எழுதுகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். எங்களுக்கு முதலாளி கிடையாது. எழுது என்று சொல்ல ஆளில்லை, எழுதாதே என்று தடுக்கவும் ஆளில்லை. நாங்கள் கிறுக்கிக் கொடுப்பதையெல்லாம் வாத்தியாரின் மனைவி அம்சவேணி குண்டு குண்டான எழுத்தில் பிரதி எடுப்பார். அந்தப் பிரதி வீடு வீடாகச் சுற்றி, அடுப்புக்கரியோடு திரும்பி வரும்.

உலகச் சண்டை முடிந்து, காகிதம் கொஞ்சம் கிடைக்க ஆரம்பித்த வருஷம் அது. பொங்கலுக்கு ஓர் இதழைச் சேலத்தில் அச்சடிக்கலாம் என்றார் வாத்தியார். மூன்று கட்டுரைக்குத்தான் இடம். அதனால், அந்த வருஷம் மற்றவர்கள் எழுதியதில் தனக்குப் பிடித்த மூன்றை ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டுமாம்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மீதியைச் சந்தை அடித்துச் சொல்லிக் கொடுத்தது. என் பேரை அச்சில் பார்த்தே ஆக வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது.

முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினேன். ஐவரில் ஒருவரான நல்லமுத்து அங்கேதான் இருந்தார்.

"என் 'பலாப்பழப் பேர'த்தை உங்க பட்டியல்ல மொதல்ல போடுங்க. உங்க மாட்டுச் சந்தைக் கட்டுரையை நான் போடறேன்."

"மொதல்லயா போடுவீங்க?"

"ரெண்டாவது."

"அப்ப நானும் ரெண்டாவதுதானுங்க."

"சரி, மொதல்லயே போடறேன். ஆனா எனக்கு நாலு வரி பாராட்டு வேணும்."

"அது... படிச்சுப் பாத்துட்டுத்தானே எழுதோணும்?"

"இன்னும் படிக்கலையா? ஊரே பேசுது!"

"நீங்க என்னுதைப் படிச்சீங்களா?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். பேரம் படிந்தது.

ஊரே பேசியது பொய்யில்லை. "பேரம் பேசுகிறவன் விலையைக் குறைப்பதில்லை, எதிரே நிற்பவரைக் குறைக்கிறான்" என்ற வரியைச் சந்தையில் என்னிடமே சொல்லிக் காட்டி விலையை ஏற்றினார்கள். எழுதின பெருமைக்காகக் கேட்ட விலை கொடுத்தேன்.

பட்டியல் தயார். நல்லமுத்து, அப்பாசாமி, அர்த்தனாரி. எங்கள் ஐவரில் விட்டுப்போனது அம்சவேணி ஒருத்தர்தான். 'சுமைகாரிகள்' என்று ஏதோ எழுதியிருந்தார். பெண்கள் மூட்டை தூக்கிக்கொண்டு மலை இறங்குகிறார்கள். தினம் பார்ப்பதுதானே, அதை வேறு படிப்பார்களா?

பட்டியலை மடியில் செருகிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அம்சவேணி மட்டும் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, என் கட்டுரை உங்க கையெழுத்துல சேலம் போகக் கூடாது. அச்சுக் கோக்கறவன் நீங்க எழுதினதுன்னு நெனச்சுக்குவான். நான் குடுத்த தாளையே எடுங்க."

"அது வேண்டாமுங்கண்ணா. இதுவே இருக்கட்டும்."

"ஏன், தொலைச்சுப் போட்டீங்களா?"

"இல்லீங்க, இருக்குது..."

"இருந்தா எடுங்க! என் எழுத்தை ஒளிச்சு வைக்க நீங்க யாரு?"

தகரப்பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

நின்றபடியே புரட்டினேன். அந்தப் பிரசித்தமான வரியைத் தேடினேன். அது இருக்க வேண்டிய இடத்தில், என் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: "பேரம் பேசினால் விலை குறையும்."

அடுத்த பக்கத்திலும் ஊர் மெச்சிய ஒன்றையும் காணோம். எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் கழித்துப் பிரதியைப் படித்தபோது எல்லாம் நான் எழுதியதாகத்தான் தோன்றியது. வரி மோசமாக இருந்தால் சந்தேகம் வரும். நன்றாக இருந்தால் எவனுக்கு வரும்?

"ஏன் அம்மிணி இப்படி?" என்று கேட்டேன்.

"மொதக் கட்டுரையப் பாத்து யாராச்சும் சிரிச்சுட்டா, கோவத்துல நீங்க அப்புறம் எழுதவே மாட்டீங்கன்னுதானுங்கண்ணா."

"அப்ப இதுல எதுவுமே என்னுது இல்லையா?"

பிரதியில் ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"தலையில் பழத்தோடு நிற்பவளிடம் விலை கேள். சுமையை இறக்கிவிட்டால் படியாது."

"இதுல ஒரு எழுத்தக்கூட நான் தொடலீங்க. இதப் படிச்ச பொறவுதான் 'சுமைகாரிகள்' எழுதோணும்னே தோணுச்சு."

கீழே உட்கார்ந்து 'சுமைகாரிக'ளை வாங்கிப் படித்தேன். பழத்தோடு நிற்கிற பெண் அதில் இருந்தாள். அவளிடம் விலை கேட்கிற ஆளும் இருந்தான். அவனுக்கு அம்சவேணி பேர் வைக்கவில்லை. வைக்காமலே எனக்குத் தெரிந்தது.

மடியிலிருந்து பட்டியலை எடுத்தேன். வாத்தியார் பேரையும் அர்த்தனாரி பேரையும் அடித்தேன். பேசின பேச்சுக்காக நல்லமுத்துவை மட்டும் மூன்றாவது இடத்தில் வைத்தேன். இரண்டாவது, 'சுமைகாரிகள்'. முதல் இடத்தில் எழுதியதை அம்சவேணி எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, அண்ணா! 'பலாப்பழப் பேர'மா? அவங்கவங்க கட்டுரையை அவங்கவங்களே போடக் கூடாதுங்களே!"

"நான் எங்கே போட்டேன்? முழுசாப் படிங்க அம்மிணி" என்று தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

'எழுதியவர்: அம்சவேணி. ஒரு வரி மட்டும் காளியண்ணன்.'