பட்டாளத்தில் இருந்து போன்

பெரியப்பா மகன் முத்துகுமரனுக்கு மீசையை வழித்துக்கொண்டிருந்தபோது சத்யபிரியாவின் போன் அடித்தது.

அண்ணன்.

ட்ரெயினிங்கில் இருக்கிறவன் கையில் ஞாயிற்றுக்கிழமைதான் போனைக் கொடுப்பார்களாம். இன்றைக்கு ஞாயிறு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. குற்றாலத்தில், சித்தாற்றுப் படித்துறையில், அம்மா முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். ஐயர் எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்பா செத்து இன்றோடு பதினாறு நாள்.

அண்ணன் முத்துராஜுக்கு இன்னும் தெரியாது.

சொல்லக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் சத்யபிரியாதான். பாதி ட்ரெயினிங்கில் ஊருக்கு வந்தால் அடுத்த பேட்ச்சில் தள்ளிவிடுவார்கள், மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், வீட்டுக்கே அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வா வா என்று அம்மா கெஞ்சியபோது அவனே சொன்னது இது.

அப்பா பாவூர்சத்திரம் சந்தையில் வெண்டைக்காய் மூட்டையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். எழுந்திருக்கவில்லை. அந்தச் சந்தை முழுக்க, கேட்டவனிடமும் கேட்காதவனிடமும், 'எம் மவன் மிலிட்டரில இருக்கான்' என்று சொல்லித் திரிந்த மனுஷன். அந்த வேலையைக் கெடுத்துத்தானா அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டும் என்று இவள் கேட்டாள்.

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு ஊரைக் கூட்டினார். "பெத்த மவன் உசுரோட இருக்கையில அடுத்தவன் கொள்ளி வைக்கணுமோ? நீயெல்லாம் ஒரு பொம்பளப்பிள்ளையாட்டி?"

கடைசியில் அவர் மகன் முத்துகுமரன்தான் கொள்ளிச் சட்டியைத் தூக்கினான். அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் பெரியப்பாவின் பேச்சுதான் அவள் காதில் விழுந்தது.

போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள்.

"ஏட்டி, என்ன ஒரே சத்தமாக் கெடக்கு?"

"பாவூர்சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கேண்ணே."

"அப்பா எங்க?"

"வயலுக்குப் போயிருக்காவ."

பொய் சொல்வது இப்போதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவன் வழக்கம்போல ஆரம்பித்தான். விடியுமுன்னே விசில். யாரோ ஒருத்தனின் கட்டில் விரிப்பில் சுருக்கம் இருந்ததற்கு, மொத்தப் பேரையும் ட்ரெயினிங் கொடுக்கிற உஸ்தாத் தவளை மாதிரிக் குதிக்க விட்டாராம். பூட்ஸ் கடித்துக் குதிகாலில் தோலே இல்லையாம். வாயில் வைத்த ரொட்டியை மெல்லுமுன் எழுப்பிவிடுகிறார்களாம். அந்த ஆள் இந்தியில் திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்றுகூடத் தெரியாமல் இவன் திருதிருவென்று முழிக்கிறானாம்.

ஐந்து மாதமாக இதே தவளை, இதே ரொட்டி. துப்பாக்கி தரவில்லையா என்று ஒருதரம் கேட்டதற்கு, அதையெல்லாம் வெளியே பேசக்கூடாது என்றான். அவளுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

அவன் படும் பாட்டைக் கேட்கக் கேட்க அவள் மனசு ஆறியது. பெரியப்பா பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். எங்கேயோ வடக்கே அண்ணன் தேறிக்கொண்டிருக்கிறான்.

அப்போது அபாயச் சங்கு அடித்தது. மலையில் மழை பிடித்து அருவியில் தண்ணீர் ஏறிவிட்டால், குளிக்கிற கூட்டத்தை வெளியேற்ற அடிப்பார்கள்.

ஒரு காதில் சங்கு கேட்டது. போன் வைத்திருந்த காதிலும் கேட்டது.

"ஃபாலினுக்குச் சங்கு அடிச்சிட்டாம்ட்டி, வரிசைல நிக்க ஓடணும்" என்றான் அவன் அவசரமாக. "அப்பாவக் கேட்டதாச் சொல்லு."

பட்டாளத்திலும் சங்கு இருக்கும்தானே என்று நினைத்தாள். நினைக்கத்தான் செய்தாள், பாவம். அதற்குள் போலீஸ்காரர் மைக்கைப் பிடித்துவிட்டார். "பொம்பளையாளுக எல்லாரும் வெளிய வாங்கம்மா! பிள்ளைகளக் கூட்டிட்டு வெளிய வாங்க!"

போனுக்குள்ளும் அதே போலீஸ்காரர், அதே பிள்ளைகளை, வெளியே கூப்பிட்டார்.

அப்படியென்றால் அவன் இங்கேதான், குற்றாலத்தில்தான் இருக்கிறான். அப்பாவை வாசலில் கிடத்தியிருந்த ஒரு பகலும் ராத்திரியும், இவன் பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருந்திருக்கிறான். இவனுக்காக அவள் ஊர் வாயில் விழுந்தாள். இவனுக்காக, போன் வரும்போதெல்லாம் அம்மாவை அழவிடாமல் வாயைப் பொத்தினாள். வாராவாரம் தன்னை உட்காரவைத்துக் கதை சொல்லி ஏமாற்றியிருக்கிறான். பாவி.

அந்த ஏமாற்றுக்காரனுக்காகத்தான் அப்பாவின் கடைசி முகத்தைக்கூட அவனுக்குக் காட்டாமல் எரித்தோம் என்பது அடுத்த மூச்சில் உறைத்தது.

"வைக்காத" என்றாள். "சித்தாத்துப் படித்துறைக்கு வா. அப்பாவுக்கு இன்னைக்குப் பதினாறாம் நாள் காரியம்."

அவன் போனை வைக்கவில்லை.

ஈரத்துணியோடு அருவியில் இருந்து ஓடிவந்த கூட்டத்துக்கு எதிரே, ஒரு பஜ்ஜிக் கடையின் பின்னாலிருந்து, போனைக் காதில் வைத்தபடியே ஒருவன் வெளியே வந்தான். இடுப்பில் மாவு அப்பிய துண்டு.

தலைமுடி காதை மூடி வளர்ந்திருந்தது. பட்டாளத்துக் கத்தரி பட்டு நாலு மாதமாவது ஆகியிருக்கும்.