நான்காம் நிலை

அந்த லினக்ஸ் சர்வர் கணினிக்கு இயங்கும் நிலைகள் ஏழு. பூஜ்யத்தில் அணையும், ஒன்றில் ஓர் ஆளை மட்டும் உள்ளே விடும், ஐந்தில் எல்லோருக்கும் திறக்கும், ஆறில் செத்துப் பிழைக்கும். நான்கை மட்டும் எதற்கும் ஒதுக்கவில்லை. அதைப் பராமரிக்கும் வடிவு, மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறந்தபடியே, இதற்கு முன் எந்த நிலையில் இருந்தாய் என்று அதனிடம் கேட்டாள். திரையில் நான்கு என்றது.

“நாலுல ஒண்ணுமே கெடையாதேக்கா,” என்றான் பக்கத்து மேசை இருதயராஜ்.

“போய்த்தான் பாப்பமே,” என்று நான்கைத் தட்டினாள். மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. “இருதயம்” என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஐந்தைத் தட்டினான். பிறகு டிபன்பாக்ஸைத் தொட்டுப் பார்த்தான். சோறு சுட்டது.

“யாருதுன்னே தெரியல,” என்று மூடி, அலமாரியைத் திறந்தான். அங்கே ஏற்கெனவே மூன்று டிபன்பாக்ஸ்கள் இருந்தன.