ஒன்றும் வீணாகாது

கிழிபடும் கம்பளியின் தூசு காலை வெயிலில் பறக்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தையல்கூடத்தில், "பழந்துணி அங்கிகள்: ஒன்றும் வீணாகாது" என்ற பதாகையின் கீழ், தமிழ் முதலாளி றெனோல்ட் சொன்னபடி எமில்டா புத்தம்புதுக் கம்பளிகளைக் கிழித்துப் பழசாக்குகிறாள். எடுத்ததை வீணாக்கக்கூடாது என்ற தன் மக்களின் பாடத்தை நம்பி அங்கிகளை வடிவமைத்த அனிஷினாபே பூர்வகுடிப் பெண் டானா, வாசலில் நின்று இதைப் பார்த்துவிடுகிறாள். "என் பெயர் இதில் இருக்காது!" என்று பிரெஞ்சில் கத்தியபடி பாய்ந்து, அங்கிகளில் தைத்த தன் பெயரைப் பிய்த்தெறிகிறாள். றெனோல்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்க, எலும்பு நெரிகிறது. "கையை விடுங்கோ அண்ணை," என்கிறாள் எமில்டா. அவர் விடுவதாயில்லை. எமில்டாவின் பெரிய கத்தரிக்கோல் இறங்கி, அவருடைய சட்டைக்கையை மேசைப்பலகையோடு சேர்த்துக் குத்தி நிற்கிறது. "ஐயோ, என்ர புதுச் சேட்டு!" "பயப்பிடாதேங்கோ அண்ணை, ஒண்டும் வீணாகாது," என்கிறாள் எமில்டா. "இதையும் அங்கிக்கு ஒட்டுப் போடுவம்."