ஏழாம் கட்டில் பேடா

தலையணை உறையை உதறியதும் ஒரு இனிப்பு டப்பாவும் ஐந்து பேடாக்களும் படுக்கையில் விழுந்து உருண்டன.

"சிவ சிவா!" என்று வாயில் கை வைத்தார் தலைமை நர்ஸ் கிரிஜம்மா. "சர்க்கரை வார்டுல ஒளிச்சு வைக்கிற பொருளா இது? டப்பாவுல டஜன்னு போட்டிருக்கு. மீதி ஏழு எங்க?"

தார்வாட் ஆஸ்பத்திரியின் அந்த வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். அத்தனை தலைகளும் ஏழாம் கட்டில் பக்கம் திரும்பின. ருத்ரப்பா கட்டுப்போட்ட தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தின்னுட்டேன்" என்றார்.

அவர் ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்க வேண்டுமா? "முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவனைப் புடிச்சு நடுரோட்டுல இறக்கி விட்டாரு. இன்னைக்கு அவரே மாட்டிக்கிட்டாரு!" வார்டு முழுக்கச் சிரிப்பு.

மகள் நீலவ்வா மட்டும் சிரிக்கவில்லை. நாளை காலை அப்பாவுக்குக் காலில் ஆப்ரேஷன். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் கத்தி வைப்பேன், தள்ளிப் போட்டால் பாதமே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நேத்துதானேப்பா என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணீங்க, இனிப்பைத் தொடவே மாட்டேன்னு? மாமியார்கிட்ட கெஞ்சிக் கூத்தாடிட்டு வந்து இங்க தரையில படுத்துக் கிடக்கிறேன். உங்களால நாக்கை அடக்க முடியலையா?" அவமானம் தாங்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ருத்ரப்பாவின் காது மடல்கள் சிவந்துபோயின.

கட்டிலின் கால்மாட்டில் நர்ஸ் சுமங்களா நோட்டும் கையுமாக நின்றாள். வார்டுக்கே செல்லப்பிள்ளை அவள். இன்சுலின் போட்ட அரைமணிக்குள் வயிற்றுக்கு ஏதாவது போகவில்லையென்றால் சர்க்கரை சரசரவென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும் என்று, சாப்பாட்டு வண்டி தாமதமானால் மாடிப்படியில் நின்று சமையற்கட்டே அதிரக் கத்துவாள். இன்றும் வண்டியைக் காணோம். கத்திவிட்டு வந்தவளின் நெற்றியெல்லாம் வேர்வை.

அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, கிரிஜம்மாவின் மகன்தான்.

"வருங்கால மருமகளே, இவருக்கு இப்ப எவ்வளவு காட்டுது?"

"நூத்தி முப்பது மேடம். நாலு நாளா அப்படித்தான் இருக்கு."

"இப்ப முழுங்கினது அதுக்குள்ள ரத்தத்துல ஏறிடுமா? சாயங்காலம் பாரு, எங்க போய் நிக்குதுன்னு!" கிரிஜம்மா டாக்டருக்குப் போன் போட்டார். பேடாக் கதையை அவர் சொல்லச் சொல்ல, நீலவ்வா இன்னும் குறுகிப்போனாள்.

போனை வைத்ததும் கிரிஜம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். "அழுது என்னம்மா ஆகப்போகுது? அப்பனுக்கு வந்தது நாளைக்கு உனக்கும் வரலாம், இப்பவே வாயைக் கட்டு. எங்க சுமங்களாவைப் பாரு. இந்த வயசு வரைக்கும் ஒரு தலைவலி மாத்திரை போட்டிருப்பாளா? அதைக் கேட்டப்புறம்தான் நான் பொண்ணு பார்க்கவே போனேன்."

சுமங்களா நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"வெக்கத்தைப் பாரு! சரி, தின்னதுக்கும் சேர்த்து எட்டு யூனிட் கூடப் போடச் சொல்றாரு டாக்டர். சீக்கிரம் போட்டுடு."

சுமங்களா மருந்தை ஊசியில் ஏற்றினாள். கை கிடுகிடுவென்று நடுங்கியது.

"போடு தாயி" என்று சட்டையைத் தூக்கினார் ருத்ரப்பா. "தின்னவன் நானு. குத்தும் எனக்குத்தானே?"

"இதுல பெருமை வேறயாப்பா?" என்றாள் நீலவ்வா. பெற்ற அப்பாவின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

ஊசி முனை அவர் வயிற்றைத் தொட்டது. அதற்கு மேல் சுமங்களாவால் முடியவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"என்னடி, ஊசி போடவே மறந்துபோச்சா?" என்று சிரித்தார் கிரிஜம்மா.

"நீ போடும்மா, பேசாம போடு" என்று ருத்ரப்பா அவசரப்படுத்தினார். அவர் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

சுமங்களா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது. படுக்கையில் கிடந்த பேடா ஒன்றை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, வாயில் போட்டு அவசர அவசரமாக மென்றாள். அவமானத்தில் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"அந்த ஏழு பேடாவையும் தின்னது நான்தான் அத்தை. சர்க்கரை இறங்கினா எனக்குக் கொடுக்கத்தான் இவர் ஒளிச்சு வெச்சாரு, நானும் தினம் இன்சுலின் போட்டுக்கிறவதான்."