கூகைக்கு ஓர் எலி

குடியிருப்புச் சங்கச் செயலாளர் அமலோற்பவத்தின் பால்கனியில் சிறகொடிந்து விழுந்த கூகை, நான்கு நாளாக எதையும் தின்னவில்லை. கோழிக்கறியைப் பொடியாக நறுக்கி வைத்தாள், ஆட்டு ஈரல் வைத்தாள். அது மோந்துகூடப் பார்க்கவில்லை.

கால்நடை மருத்துவர் போனில் சொன்னார்: "வெறும் கறி ஆகாதும்மா. எலும்பு, மயிரு எல்லாம் சேந்து உள்ள போகணும். முழு எலியா குடுங்க. ஆனா மருந்து தின்ன எலின்னா இதுவும் செத்துரும்."

அமலோற்பவம் தலையில் அடித்துக்கொண்டாள். போன வாரம்தான் அவளே கையெழுத்துப் போட்டு, கட்டடம் முழுக்க எலிமருந்து வைக்கச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை பொறியில் ஓர் எலி சிக்கியது.

"நல்லாத்தானே துள்ளுது, போடு" என்றார் கணவர் சேசுராஜ்.

"மருந்து தின்ன எலியும் மூணு நாள் இப்படித்தாங்க துள்ளும்."

"போடலேன்னா பட்டினியில சாகும். பரவாயில்லையா?"

"அப்ப என் கையால சாகட்டுங்கிறீங்களா?" என்று கத்தினாள்.

கூகை தத்தித் தத்திப் பொறியருகே வந்து, எலியையே பார்த்துக்கொண்டு அலகைத் திறந்தது. அமலோற்பவத்தின் விரல் பொறிக் கதவின்மேல் இருந்தது.