பதினேழு கார்டு

பதினோராவது கார்டும் பணம் எடுக்கும் இயந்திரத்துக்குள் போனது. வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி கண்ணாடிக் கதவு வழியே உற்றுப் பார்த்தார்.

உள்ளே நின்றவர் பார்க்க நல்ல மனிதர்தான், இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துணிப்பை. கையிலோ ரப்பர் பேண்ட் போட்ட கார்டுக் கட்டு. ஒவ்வொரு கார்டின் முதுகிலும் ஒட்டியிருந்த துண்டுத்தாளைப் பார்த்துப் பார்த்து நம்பரை அழுத்தினார். பணம் வந்ததும் பையில் திணித்தார். ஒரு கார்டுக்கு மட்டும் எதையும் பார்க்கவில்லை, விரல் தானாக ஓடியது. பழம் தின்று கொட்டை போட்ட திருடன் என்று காவலாளி முடிவு கட்டினார்.

போன மாதம் இதே இயந்திரத்தில் யாரோ திருட்டுக் கார்டில் பணம் எடுக்க, பழைய காவலாளிக்குச் சீட்டுக் கிழிந்தது. அந்த ஸ்டூல்தான் இவருக்குக் கிடைத்தது. இதையும் விட்டால் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

பதினேழாவது கார்டு முடிந்து அந்த ஆள் திரும்பியபோது, காவலாளி கதவை மறித்து நின்றார். கையில் போன் தயாராக இருந்தது.

"யாரு கார்டு சார் இதெல்லாம்?"

"எங்க தையல் கம்பெனி ஆளுங்களோடது. நான் அங்க கணக்கு எழுதுறேன்."

"அவங்க கார்டுக்கு உங்க கையில என்ன வேலை?"

கணக்கர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "சம்பளத்தை பேங்க்லதான் போடணும்னு சட்டம். முதலாளியும் ஒத்தப் பைசா குறைக்காமப் போடுறாரு. சோதனைக்கு வந்த ஆபீசர்கூட பேங்க் பேப்பரைப் பாத்துட்டு, எல்லாக் கம்பெனியும் இப்படி இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்னாரு."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் பாதியை நான் எடுத்து முதலாளிகிட்டயே திருப்பிக் குடுக்கணும்."

"அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"கார்டு குடுக்கலேன்னா நாளைக்கு வேலை இல்ல. கேட்டுல வேற ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க."

போனில் யாரைக் கூப்பிடுவது? கார்டையும் நம்பரையும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள், சட்டப்படி சம்பளமும் ஏறியிருக்கிறது. திருட்டு கண்ணெதிரே நடக்கிறது, பிடிக்கத்தான் வழியில்லை. காவலாளியின் கோபம் எல்லாம் எதிரே நின்றவர் மேல் திரும்பியது.

"நாளெல்லாம் மிஷினை மிதிக்கிறவங்க வயித்துல அடிக்கிறீங்களே, உங்களுக்குச் சோறு இறங்குதா? உங்க சம்பளத்துல மட்டும் அந்த ஆளு கை வெக்க மாட்டாரு. அதான் இவ்ளோ விசுவாசம்!"

கணக்கர் கட்டைப் பிரித்து, முதுகில் தாள் ஒட்டாத ஒரே ஒரு கார்டை எடுத்துக் காட்டினார்.

"இது என்னுதுங்க. இதுலயும் பாதி எடுத்தாச்சு."