கழற்றும் முன் வரைக

மேசைமேல் மூன்று கட்டுகளாகச் சீட்டுகளை வைத்தார் சுருளி.

முதல் கட்டு, உடல்கள். ஒரு சீட்டுக்கு ஒரு பெண். உயரம், சேலையின் நிறம், தழும்பு இருந்தால் தழும்பு. பெயர் கிடையாது, எண் மட்டும்.

இரண்டாவது கட்டு, உறைகள். ஒவ்வோர் உறைமேலும் பென்சிலால் வரைந்த ஒரு தாலி. அதற்கும் ஓர் எண்.

மூன்றாவது, தேடி வந்தவர்கள் எழுதிய கடிதங்கள். என் மனைவி, என் மகள், இப்படி இருப்பாள், இதைப் போட்டிருந்தாள்.

ஒவ்வொன்றிலும் ஏழு. எல்லாமே சுருளியின் குண்டு குண்டான கையெழுத்து. எந்தப் பெண் எந்தக் குடும்பம் என்று சேர்க்க வேண்டும். நேரம் அரை மணி.

மேசையைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். பாதிப் பேர் மதுரைக்காரர்கள், பாதிப் பேர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். சுனாமி வந்து ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து பேரிடர்ப் பணிக்கு ஒரு பாடநூல் எழுதுகின்றன. பேராசிரியர்கள் மட்டும் எழுதினால் போதாது, களத்தில் நின்றவர்களும் கூட உட்கார வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

சுருளி அப்படி வந்தவர்தான். பிணவறை ஊழியர். மதுரையிலிருந்து கடற்கரைக்குப் பத்து நாள் வேலைக்கு அனுப்பப்பட்டவர்.

அவர் கேட்டது ஒரே ஒரு கட்டம். உடல் விவரப் படிவத்தின் அடியில், 'நகையைக் கழற்றும் முன் இங்கே வரைக' என்று ஒரு வெற்றுக் கட்டம்.

பேராசிரியர் வெங்கடரமணன் நேற்றே மறுத்துவிட்டார். படிவம் மூன்று மொழிகளில் தயார். இன்று மாலை அச்சுக்குப் போகிறது. நகைக்குத்தான் ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறதே: 'மஞ்சள் நிற உலோகம், எண்ணிக்கை.'

"அந்த வரிய வச்சு ஒருத்தரையும் கண்டுபிடிக்க முடியாதுங்கய்யா. ஒரு அரை மணி நேரம் குடுங்க, காட்டுறேன்" என்று மன்றாடித்தான் இந்த மேசையை வாங்கியிருந்தார்.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் உற்சாகம்.

"என்னண்ணே, இம்புட்டு ஈசியா வச்சிருக்கீங்க? டீ வர்றதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றார் விரிவுரையாளர் ஹம்சவேணி.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தாலி எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சாதிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. இலை வடிவில் ஒன்று, இரட்டைப் பொட்டாக ஒன்று, சிலுவை பதித்து ஒன்று. கழுத்தில் அது கிடந்தால், பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டையும் பாதி எழுதி வைத்த மாதிரி. கடிதங்களில் அந்த உருவைத்தான் விவரித்திருந்தார்கள்.

பன்னிரண்டு நிமிடத்தில் ஏழு கடிதங்களும் ஏழு உறைகள்மேல் உட்கார்ந்துவிட்டன.

கடைசி உறையைச் சேர்த்தவர் மட்டக்களப்புத் தாதி தவமலர். "இது எங்கட பக்கத்துத் தாலிக்கொடி. இந்தியாவுக்குக் கலியாணம் கட்டி வந்த பிள்ளை" என்று, ஒரு தாய் எழுதிய கடிதத்தை அதன்மேல் வைத்தார். இரண்டு நாட்டுக்காரர்களும் கை தட்டினார்கள்.

இனி உறையை உடலோடு சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அங்கேதான் நின்றுபோனது.

உடல்களின் எண்கள் நாற்பத்தொன்றில் தொடங்கின. உறைகளின் எண்கள் ஒன்றில் தொடங்கின. கடற்கரையில், நகை திருட்டுப் போகக் கூடாது என்று கழற்றி உறையில் போட்டு, பாதுகாப்பு அறைக்கு அனுப்பினார்கள். அந்த அறைக்குத் தனிப் பதிவேடு, அதற்குத் தனி வரிசை. உடல்கள் அவற்றின் எண்ணோடு அன்றைக்கே மண்ணுக்குள் போயின. இரண்டு பதிவேடுகளிலும் ஒரு பிழை இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு வழியும் இல்லை.

"பச்சைச் சேலைக்கு இந்த இலைத் தாலி" என்றார் ஹம்சவேணி.

"எதை வச்சுச் சொல்றீங்க மேடம்?" என்று கேட்டார் சுருளி.

ஹம்சவேணி சீட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

அரை மணி முடிந்தபோது, ஏழு குடும்பங்கள் மேசையின் ஒரு பக்கம் இருந்தன. ஏழு பெண்கள் மறுபக்கம் இருந்தார்கள்.

வெங்கடரமணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அச்சுக்குப் போக வேண்டிய படிவத்தை விரித்து, ஸ்கேல் வைத்து, அடியில் நிதானமாக ஒரு கட்டம் போட்டார்.

"மூணு மொழியிலயும் போட்டுருவோம். ஜெயிச்சிட்டீங்க சுருளி."

கூடத்தில் மறுபடி கலகலப்பு வந்தது. யாரோ சுருளியின் முதுகில் தட்டினார்கள்.

"இந்தப் பயிற்சியையும் அப்படியே புத்தகத்துல சேக்குறோம்" என்றார் பேராசிரியர், பேனாவைத் திறந்தபடி. "கடைசிப் பக்கத்துல விடை போடணும். சொல்லுங்க, எழுதிக்கிறேன். நாப்பத்தொண்ணுக்கு எந்த உறை?"

சுருளி உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"விடை இல்லீங்கய்யா."

"நீங்க உண்டாக்குன பயிற்சிதானே?"

"நான் எதையும் உண்டாக்கல. இருந்ததப் பாத்து எழுதுனேன். ஏழும் நான் கழட்டுனது."

தவமலர் அந்தத் தாயின் கடிதத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"அண்ணா, கழட்டக்குள்ள முகத்தைப் பாத்திருப்பீங்கதானே? இந்த ஒரு பிள்ளையாவது ஞாபகம் வராதா?"

சுருளி அவரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"இன்னொருத்தன் கட்டுன தாலிம்மா. மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிக் கழட்டுறது? ஏழு பேருக்கும் நான் கண்ண அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன்."